புதுச் சிப் வாங்கினால் டேலி வேகமாகுமா?

கேள்வி: ஐயா, பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தபடியே ஆறேழு சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி, எக்செல், பிரவுசர், வாட்ஸப் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. லேப்டாப் 2018ல் வாங்கியது. ஐ5 எட்டாவது தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் டேலி திறந்திருக்காது. ஃபேன் சத்தம் அடுத்த அறைவரை கேட்கிறது. ஐடியில் இருக்கும் என் கொழுந்தனார், "இது பழைய சிப், அண்ணி. இப்போ 3 நானோமீட்டர், ஏஐ சிப் எல்லாம் வந்தாச்சு. 80 ஆயிரம் போட்டா பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்கிறார். என் கணவரோ, "நீ எழுதுற கணக்குக்கு ராக்கெட் எதுக்கு?" என்கிறார். வருடா வருடம் சிப்பின் சக்தி ஏறுகிறது என்கிறார்களே, அது எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் வந்து சேர்கிறதா? விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது, ஆபத்து என்றும் சொல்கிறார்கள். மகள் இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறாள், அடுத்த வருடம் இன்ஜினியரிங். புதிதாக வாங்கினால் அவளுக்கும் ஆகுமே என்று ஒரு நினைப்பு. என்ன செய்யலாம்?
அல்சூர் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நாளைக் காலை டேலி திறக்காமல் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிறியதாக வந்தால் கீழே "மோர் டீடெய்ல்ஸ்" என்பதைத் தட்டுங்கள். சிபியு (அதாவது சிப்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க் 100லேயே நிற்கும், சிபியு 10க்கும் 20க்கும் நடுவே அலையும் என்பது என் ஊகம்.

அப்படித்தான் இருக்கிறது என்றால், உங்கள் கொழுந்தனார் பழையது என்று சொல்லும் சிப், வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேலை கொடுக்க வேண்டிய ஹார்ட் டிஸ்க்தான் திணறுகிறது.

இந்த ஊரில் சிப் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் சிப்பின் வேகத்தை அளப்பது என் வேலை. "புதுச் சிப் வேண்டாம்" என்று சொன்னால் என் சோற்றில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் அளந்து பார்ப்பவனுக்குத்தான் தெரியும், கணினி நம்மைக் காக்கவைக்கும் நேரத்தில் எவ்வளவு சிப்பின் கணக்கில் சேரும், எவ்வளவு சேராது என்பது.

உங்கள் சிப் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 300 கோடி துடிப்பு. வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமிலிருந்து ஒரு தகவலை எடுத்துவரச் சுமார் 300 துடிப்பு நேரம் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வரும், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியிலிருந்து என்றால் சில லட்சம். ஹார்ட் டிஸ்க்கிலோ ஒரு தட்டு சுழல வேண்டும், அதன் மேல் ஒரு முள் நகர்ந்து சரியான இடத்துக்கு வர வேண்டும். அதற்கு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகிறது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் சிப்பின் கணக்கில் அது 3 கோடி துடிப்பு. ஒரு துடிப்பை ஒரு நொடி என்று நீட்டிப் பாருங்கள்: ரேமில் கேட்டது 5 நிமிடத்தில் வருகிறது, எஸ்எஸ்டியில் கேட்டது நாலு நாளைக்குள் வருகிறது, ஹார்ட் டிஸ்க்கில் கேட்டது வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. விண்டோஸும் டேலியும் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்கின்றன. இந்த இடத்தில் சிப்பை இருமடங்கு வேகமாக்கினால், அது இருமடங்கு வேகமாகக் காத்திருக்கும். அவ்வளவுதான்.

புது லேப்டாப் வாங்கியவர்கள் "என்ன வேகம்!" என்று வியப்பது பொய்யில்லை. ஆனால் அந்த வேகத்தில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியுடையது. வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சிப்புடையது என்பதால் பேர் அதற்குப் போய்விடுகிறது.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். வருடா வருடம் ஏறும் சக்தி உங்களுக்கு வந்து சேர்கிறதா? ஒரு காலத்தில் முழுசாக வந்து சேர்ந்தது. 1993ல் வந்த முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். 2004ல் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பதினோரு வருடத்தில் துடிப்பு மட்டும் அறுபது மடங்குக்குப் பக்கம். அந்த நாட்களில் கணினி மாற்றியவர்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எந்த மென்பொருளையும் மாற்றவில்லை. அதே எக்செல் பறந்தது. கொழுந்தனார் போன்றவர்களின் மனதில் "புதுச் சிப் என்றால் வேகம்" என்பது ஆழமாகப் பதிந்தது அந்தக் காலத்தில்தான். அதில் தப்புச் சொல்ல முடியாது.

அதே 2004ல் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. காரணம் சூடு. சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்சான ட்ரான்சிஸ்டரைச் சுருக்கச் சுருக்க அதற்குத் தேவையான மின்சாரமும் அதே விகிதத்தில் குறையும் என்று ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முப்பது வருடம் தொழில் முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடியது. ஆனால் மிகச் சிறியதான பிறகு, அணைத்து வைத்த ட்ரான்சிஸ்டர் வழியாகவும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. சுருக்கினாலும் சூடு குறையவில்லை. அதோடு துடிப்பின் ஓட்டம் நின்றது. அதற்குப் பின் இருபது வருடம் ஓடிவிட்டது, இன்றைக்கு மேசைக் கணினிகளிலேயே மிக விலையுயர்ந்த சிப் ஒரு மூச்சில் 6 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அது செய்தி. எங்கள் குழுவில் அதே துடிப்புக்கு 10, 15 சதவீதம் அதிக வேலை வாங்கிவிட்டால் இனிப்பு வாங்கிக் கொடுப்போம். அந்த 15 சதவீதம் டேலியில் ஒரு வவுச்சர் போடும்போது உங்கள் கண்ணில் படாது.

துடிப்பு ஏறாததால், ஒரே சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்களின் எண்ணிக்கையை ஏற்றினோம். உங்கள் எட்டாவது தலைமுறை ஐ5ல் 4 கோர். இப்போது கடையில் 10, 12, 16 என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஜீன் அம்டால் என்பவர் 1967லேயே இதற்கு ஒரு கடிவாளம் போட்டுவிட்டுப் போனார்: ஒரு வேலையில் பாதி, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும் என்றால், கோர்களை எத்தனை ஆயிரம் அடுக்கினாலும் மொத்த வேலை இருமடங்குக்கு மேல் வேகமாகாது. உங்கள் வேலை பெரும்பாலும் அந்த ரகம். நீங்கள் ஒரு பதிவு போடுகிறீர்கள், அது சேமிக்கப்படுகிறது, அடுத்ததைப் போடுகிறீர்கள். எக்செல் 2007லிருந்து பல கோர்களைப் பயன்படுத்திச் சூத்திரங்களைக் கணக்கிடுகிறது, சரி. ஆனால் மேக்ரோ என்ற சிறு நிரல் எழுதி வைத்திருந்தால் அது ஒரே கோரில்தான் ஓடும். ஒரு பக்கக் குறிப்பு: முழு நெடுவரிசையையும் தேடும் விலுக்அப் சூத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், தேவையான வரிசைகளுக்கு மட்டும் சுருக்கி எழுதிப் பாருங்கள். 80 ஆயிரம் ரூபாய் தராத வேகம் அங்கே இலவசமாகக் கிடைக்கலாம்.

அப்புறம், சிப் கொடுத்ததில் ஒரு பங்கை மென்பொருள் சாப்பிட்டுவிடுகிறது. வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995ல் புலம்பினார். பாஸ்கல் மொழியை உருவாக்கியவர், எனவே வெளியாள் புலம்பல் இல்லை. இன்றைக்குப் பல ஆப்கள் உள்ளே ஒரு முழு பிரவுசரையே சுமந்துகொண்டு வருகின்றன. எலக்ட்ரான் என்ற கருவியில் செய்தவை எல்லாம் அப்படித்தான். ஒரே ஆப்பை விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரு தடவை எழுதினால் போதும் என்பதால் எழுதுகிறவருக்கு லாபம். நஷ்டம் உங்கள் ரேமுக்கு. ஆகவே உங்கள் 8 ஜிபி 2018ல் தாராளமாக இருந்தது, இப்போது இறுக்கிப் பிடிக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 85, 90 சதவீதம் காட்டினால் அதுதான் விஷயம். ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், ஒரு வருடக் காத்திருப்பு மறுபடி தொடங்கும்.

இதற்காக சிப் வளர்ச்சியே வெறும் விளம்பரம் என்று சொல்ல வரவில்லை. நன்மை இருக்கிறது, ஆனால் கடைக்காரர் காட்டும் இடத்தில் இல்லை. 1971ல் இன்டெல் 4004ல் இருந்தவை சுமார் 2,300 ட்ரான்சிஸ்டர்கள். 2020ல் ஆப்பிளின் எம்1ல் 1,600 கோடி. அந்தக் கோடிகளில் கணிசமானவை பொதுவான கணக்குப் போடுவதற்கு இல்லை, ஒரே ஒரு வேலையை மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்யும் தனிப் பகுதிகள். வீடியோவை விரித்துக் காட்ட ஒன்று, குறியாக்கத்துக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. உங்கள் மகள் போனில் இரவு வெளிச்சத்தில் படம் எடுக்கும்போது, ஒரு படத்துக்குப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிறதே, அது சிப்பின் உபயம். பத்து வருடம் முந்தைய போன்களில் பெரும்பாலானவற்றால் அதை இந்த அளவுக்குச் செய்ய முடியாது. யூட்யூபில் மணிக்கணக்காகப் பாடம் பார்த்தாலும் பேட்டரி தாங்குவதும் அப்படித்தான். உங்கள் லேப்டாப்பிலும் விபி9, எச்இவிசி வகை வீடியோக்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஏவி1 என்ற புதிய வகைக்கு இல்லை, இன்டெலில் அது 11வது தலைமுறையில்தான் வந்தது. அதே எம்1 போட்ட மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. சத்தமில்லாமல், சூடில்லாமல், ஒரு நாள் வேலை முழுக்கச் சார்ஜரைத் தேடாமல் இருப்பது சாதாரண ஆளுக்கு வந்து சேர்ந்த பெரிய லாபம் என்பேன். ஆனால் நீங்கள் வீட்டில் பிளக்கில் போட்டே வேலை செய்கிறீர்கள். அந்த லாபத்துக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய விலை குறைவு.

இன்னொரு பக்கமும் உண்டு. மிகச் சக்திவாய்ந்த சிப்களை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள், அவை உங்கள் வீட்டில் இல்லை என்பதுதான் வித்தியாசம். காய்கறிக்காரருக்கு யுபிஐயில் 40 ரூபாய் அனுப்பும்போது உங்கள் போன் செய்வது கொஞ்சம்தான், பாரம் முழுவதும் வங்கிகளின் சர்வர்களில். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி யுபிஐ பரிமாற்றங்கள் நடந்தன. மழை முன்னறிவிப்பைப் பாருங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துக்கு 2024 செப்டம்பரில் அர்க்கா என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு முன் நாட்டை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணித்தவர்கள், 2025 மே மாதத்திலிருந்து 6 கிலோமீட்டர் கட்டமாகக் கணிக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டில் கொட்டும்போது ராஜாஜிநகரில் வெயில் காயும் ஊரில் இருக்கும் நமக்கு இந்தக் கட்டம் சுருங்குவது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. சக்தி எவ்வளவு ஏறினாலும் அங்கே போதாது. அதற்காக நீங்கள் ஒரு லேப்டாப் வாங்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அந்தப் பக்கத்துப் பசிக்கு நம் பக்கத்தில் விலை கொடுக்கிறோம். ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்குக் கிராக்கி ஏறியதால், ரேமும் எஸ்எஸ்டியும் 2025 கடைசியிலிருந்து மளமளவென்று விலை ஏறின. வீட்டுக் கணினிக்கு ரேம் வாங்குகிறவர்களுக்குப் பழக்கமான பெயர் கிரூஷியல். அதை நடத்திவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நம்மைப் போன்றவர்கள் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டுவிட்டோம். எனவே நான் இங்கே விலை எழுதப்போவதில்லை, எழுதினால் நீங்கள் படிப்பதற்குள் பொய்யாகிவிடும்.

கொழுந்தனார் சொன்ன இரண்டு வார்த்தைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 3 நானோமீட்டர் என்பது இன்றைக்குச் சிப் தயாரிப்பில் ஒரு தலைமுறையின் பெயர், அளவுகோல் இல்லை. அப்படிப்பட்ட சிப்பிலும் ஒரு ட்ரான்சிஸ்டருக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 40 நானோமீட்டருக்கு மேல். 2021ல் இன்டெல், 10 நானோமீட்டர் என்று அழைத்துவந்த தொழில்நுட்பத்தின் மேம்பட்ட வடிவத்துக்கு "இன்டெல் 7" என்று பெயர் மாற்றியது. அந்த எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏஐ சிப் என்பது என்பியு என்ற தனிப் பகுதி. மைக்ரோசாஃப்ட் 2024ல் ஏஐ லேப்டாப்களுக்குக் கொடுத்த கோபைலட் பிளஸ் என்ற பெயருக்கு வைத்த தகுதி, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள், அதோடு 16 ஜிபி ரேம். வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சை எழுத்தாக்கிக் காட்டுவது போன்றவற்றை பேட்டரியைக் கரைக்காமல் அது செய்யும். பிரவுசரில் பயன்படுத்தும் ஏஐ அரட்டைகள் பெரும்பாலும் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகின்றன, அவற்றுக்கு உங்கள் என்பியு தேவையே இல்லை. அந்த அரட்டைகளை இயக்கும் மொழி மாதிரி ஒன்றைச் சிறிய அளவில் லேப்டாப்பிலேயே ஓட்ட நினைப்பவருக்கு உதவும். அதிலும் தமிழுக்கு ஒரு சங்கடம். பல மாதிரிகள் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன, அதனால் அதே சிப்பில் தமிழ் மெதுவாக ஓடும். புது லேப்டாப்போடு என்பியு தானாக வந்தால் வரட்டும். அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கணவருக்கும் ஒரு திருத்தம் உண்டு. நம் ராக்கெட்டில் இருப்பது உங்கள் லேப்டாப்பைவிட மிகச் சின்னச் சிப். இஸ்ரோவின் ஏவுகலங்கள் 2009லிருந்து விக்ரம் 1601 என்ற 16 பிட் சிப்பை வைத்துப் பறந்திருக்கின்றன. 2025ல் வந்த அதன் வாரிசான விக்ரம் 3201 கூட 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்ததுதான். நடுக்கத்தையும் வெப்பத்தையும் தாங்க வேண்டும், ஒரு தடவையும் தவறக்கூடாது என்பது அங்கே தேவை, வேகம் இல்லை. எனவே உங்கள் கணக்குக்கு ராக்கெட்டே போதும் என்று அவரிடம் சொல்லலாம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதையும் தொடுவதற்கு முன் டேலி டேட்டா ஃபோல்டர், எக்செல் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஏழெட்டு வருடம் சுழன்ற ஹார்ட் டிஸ்க்கை நம்பக் கூடாது, இது வேகத்தைவிட அவசரமான விஷயம். ஆறேழு கடைகளின் கணக்கு அதில் இருக்கிறது.

பிறகு கணினிக் கடைகள் இருக்கும் எஸ்பி ரோடு பக்கம் போங்கள். முதலில் கடையில் லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றச் சொல்லி மூன்று விஷயம் பாருங்கள்: எந்த வகை எஸ்எஸ்டி பொருந்தும், ரேமுக்குக் காலி இடம் இருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா. பேட்டரி உப்பியிருந்தால் மற்றது எல்லாம் அப்புறம், முதலில் அதை எடுத்துவிட வேண்டும். டச்பேட் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் இன்றே லேப்டாப்பை அணைத்து வையுங்கள். எஸ்எஸ்டி 500 ஜிபி உங்களுக்குத் தாராளம். எம்.2 என்ற சின்னப் பட்டை வகைக்கு இடம் இருந்தால் அதில் போடலாம், இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் சாட்டா என்ற வகை எஸ்எஸ்டி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரர் நொடிக்கு 550 எம்பி, 3,500 எம்பி என்று விளக்குவார். டேலி திறப்பதில் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விலகுவதுதான் பெரிய தாவல். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு முழுவதும் அதில் இருக்கும்.

ரேம் 16 ஜிபி ஆக்குவது இரண்டாவது. விலை இன்று அதிகமாக இருந்தால் தள்ளிப்போடலாம். பிரவுசரில் முப்பது பக்கம் திறந்து வைக்கும் பழக்கத்தைப் பத்தாகக் குறைத்தால் 8 ஜிபி இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

ஃபேன் சத்தத்துக்கு அதே கடையில் தூசி எடுத்து, சிப்பின் மேல் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் சிப்பின் வெப்ப எல்லை 100 டிகிரி. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடைத்துப்போன ஃபேனுள்ள புது ஐ7ஐவிடச் சுத்தமான பழைய ஐ5 வேகமாக ஓடியதை அளந்தே பார்த்திருக்கிறேன். படுக்கையில், தலையணை மேல் வைத்து வேலை செய்வதாக இருந்தால் அதையும் விடுங்கள், காற்று போகும் ஓட்டை அங்கேதான் அடைபடுகிறது.

விண்டோஸ் விஷயத்தில் உங்களைப் பயமுறுத்தியவர்கள் பாதி சரி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அப்டேட் இல்லாத கணினியில் பிறர் கணக்கையும் வங்கி வேலையையும் வைத்திருப்பது சரியில்லை. இந்த இடத்தில் சமரசம் வேண்டாம். ஆனால் விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் சிப்களின் பட்டியல், ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாவது தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, அதாவது நீங்கள் மயிரிழையில் உள்ளே இருக்கிறீர்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓட்டிப் பாருங்கள். டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி இல்லை என்று சொன்னால், பெரும்பாலும் அது பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்பில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும், கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். எஸ்எஸ்டி மாற்றியதால் விண்டோஸ் உரிமம் போய்விடாது, அது மதர்போர்டோடு கட்டப்பட்டது. "புது லைசென்ஸ் வாங்கணும் மேடம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரிசை முக்கியம்: முதலில் எஸ்எஸ்டி, பிறகு விண்டோஸ் 11. ஹார்ட் டிஸ்க்கில் 11ஐ ஏற்றினால் காபி போதாது, டிபனையும் முடித்துவிட்டு வரலாம்.

உங்கள் நண்பர்களில் யாருக்காவது ஏழாவது தலைமுறைச் சிப் இருந்தால் பெரும்பாலும் அவர்களுக்கு இந்த வழி இல்லை. அந்தக் கணினி வேகத்தில் உங்களுடையதற்கு அவ்வளவு பின்தங்கியது இல்லை, ஆனாலும் பட்டியலுக்கு வெளியே போய்விட்டது. சிப்பின் சக்தி போதாமல் மக்கள் கணினி மாற்றுவதைவிட இப்படி மாற்ற வைக்கப்படுவதே அதிகம் என்பது என் எண்ணம். எங்கள் தொழிலுக்கு இதில் வியாபாரம் உண்டு, எனக்கு உடன்பாடு இல்லை.

இவ்வளவு செய்தும் வரி தாக்கல் செய்யும் கடைசித் தேதியன்று தளம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு உங்கள் லேப்டாப்பைத் திட்டாதீர்கள், எதிர் முனையில் கூட்டம். இரண்டு நாள் முன்னதாகப் போடுவதைத் தவிர அதற்கு எந்தச் சிப்பிலும் மருந்தில்லை.

மகளுக்கு இப்போதே வாங்க வேண்டாம். எந்தப் பிரிவு என்று தெரியாமல் வாங்குவது வீண். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் நடுத்தரச் சிப்பும் 16 ஜிபி ரேமும் போதும். மெக்கானிக்கல், சிவில் என்று போய் முப்பரிமாண வரைபட வேலை வந்தால், அல்லது வீடியோ எடிட்டிங்கில் ஆர்வம் இருந்தால், அங்கே கிராபிக்ஸ் சிப்பும் அதிகக் கோர்களும் உண்மையிலேயே மணிக்கணக்கை மிச்சப்படுத்தும். ஒரு வீடியோவை மாற்றி எழுதும் வேலையைப் பத்துக் கோர்களுக்குப் பங்கு போட முடியும், வவுச்சர் போடுவதை அப்படிப் பங்கு போட முடியாது. அதிகச் சக்தி யாருக்குப் பயன் என்று கேட்டால் நான் காட்டுவது அவளைப் போன்றவர்களைத்தான். அப்போது கொழுந்தனாரையே கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். இப்போது பல லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, பின்னால் கூட்ட முடியாது. ஆகவே வாங்கும்போதே 16. பழைய லேப்டாப்பைப் புதுப்பித்து விற்பவர்களிடம் போனால் "ஐ7 மேடம்" என்ற சொல்லில் மயங்காதீர்கள். 2016ல் வந்த ஐ7-7500யுவில் 2 கோர்தான். 2022ன் ஐ3-1215யுவில் 6. எழுத்தைவிட அதன் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள், 7ல் தொடங்கும் அந்தப் பழைய ஐ7, விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை.

கவுன்சலிங் முடிந்து பிரிவு தெரிந்ததும், கடையில் பார்த்த இரண்டு மூன்று மாடல்களின் முழு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். எது வேண்டாம் என்று சொல்கிறேன்.